பைத்தானும் சி++ மொழியும் பகிராத பட்டியல்: பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றின் மீதான விமர்சனம்

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019-20 கல்வியாண்டில் புதிய பாடத்திட்டத்தின்படி அறிமுகமானது. பைத்தானுக்குள் சி++ நிரல்களைக் கொண்டுவருவது அதன் 14-ஆம் பாடத்தின் பொருள். ஒரு நிரல்மொழியிலிருந்து இன்னொரு நிரல்மொழியை அழைப்பதைப் பள்ளி மாணவருக்குத் தமிழிலேயே அறிமுகம் செய்யும் பாடங்கள் மிகக் குறைவு. அவ்வகையில் இது முக்கியமானது. ஆனால் இரண்டு மொழிகள் சேர்ந்து வேலை செய்யும்போது எழும் முதன்மையான கேள்வியைப் பாடம் தொடவில்லை. ஒரு மொழியில் உருவான பட்டியலை இன்னொரு மொழி மாற்றினால், அந்த மாற்றம் முதல் மொழிக்குத் தெரியுமா என்பதே அந்தக் கேள்வி. அது விடுபட்டதால் ஏற்படும் இழப்பையும், அதை எளிதாகச் சேர்க்கக்கூடிய வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

பதினொன்றாம் வகுப்பில் மாணவர்கள் சி++ கற்கிறார்கள். மதிப்பு மூலம் அழைத்தல், குறிப்பு மூலம் அழைத்தல் என்ற வேறுபாட்டை அங்கேயே படித்துவிடுகிறார்கள். செயற்கூறுக்கு மாறியின் நகலைக் கொடுப்பது முதல் வகை. மாறியையே கொடுப்பது இரண்டாம் வகை. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வருகிறது. 9-ஆம் பாடத்தில் பட்டியல், டூபிள், கணம், அகராதி ஆகிய தொகுப்பு வகைகள் கற்பிக்கப்படுகின்றன. ஆக, 14-ஆம் பாடத்துக்கு வரும் மாணவரிடம் இரண்டு கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன: நகலுக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றிய அறிவு, தொகுப்புகளைக் கையாளும் பழக்கம். இவ்விரண்டையும் இணைக்கப் பொருத்தமான இடம் இந்தப் பாடம்தான்.

பாடம் செய்வது என்ன

பாடம் முதலில் பைத்தானை ஓர் ஒட்டும் மொழியாக அறிமுகம் செய்கிறது. சி, சி++ நிரல்களுக்குப் பைத்தான் இடைமுகம் அமைக்கும் வழிகளாகப் பைத்தான்-சி-ஏபிஐ, சிடைப்ஸ், ஸ்விக், சைத்தான், பூஸ்ட்.பைத்தான், மின்ஜிடபிள்யூ ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. பின்னர் ஒரு பைத்தான் நிரலைத் தருகிறது. அந்த நிரல் கட்டளை வரியிலிருந்து கோப்பின் பெயரை வாங்குகிறது. 'ஓஎஸ்' கூறின் 'சிஸ்டம்' செயற்கூறு வழியாக ஜி++ நிரல்பெயர்ப்பியை இயக்குகிறது. அதனால் உருவாகும் இயங்கு கோப்பை மீண்டும் அதே செயற்கூறு வழியாக இயக்குகிறது. இந்த ஒரே சட்டகத்தைக் கொண்டு பல சி++ எடுத்துக்காட்டுகள் இயக்கப்படுகின்றன. அவற்றுள் அணியைக் கையாளும் நிரலும் ஒன்று.

இந்த நிரல் வேலை செய்கிறது. மாணவர் திரையில் விடையைப் பார்க்கிறார். ஆனால் அந்த விடையைப் பைத்தான் பார்க்கவில்லை. 'சிஸ்டம்' செயற்கூறு இயக்க முறைமையிடம் ஒரு கட்டளையை ஒப்படைக்கிறது. அதனால் தொடங்கும் சி++ நிரல் தனிச் செயலாக்கமாக, தனக்கென ஒதுக்கப்பட்ட நினைவகத்தில் ஓடுகிறது. அது அச்சிடுவது நேராகத் திரைக்குப் போகிறது. பைத்தானுக்குத் திரும்பி வருவது நிரல் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் ஓர் எண் மட்டுமே. சி++ நிரல் ஓர் அணியைத் தலைகீழாக மாற்றினாலும், வரிசைப்படுத்தினாலும், அழித்தாலும் பைத்தானிலுள்ள எந்த மாறிக்கும் அது தெரியாது.

சங்க காலக் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வரும். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தூதர் செய்தி கொண்டுபோய்ச் செய்தி கொண்டுவருவார். பாடநூலின் நிரலில் அந்த அளவு தூதுகூட இல்லை. ஆள் போய் வந்துவிட்டார் என்ற தகவல் மட்டும் வருகிறது. அங்கே பேசியது என்ன என்பது வருவதில்லை.

சொல்லாட்சியில் உள்ள சிக்கல்

பாடம் இந்தச் செயலை ஒரு மொழியின் நிரலை இன்னொரு மொழிக்குள் கொண்டுவருவதாகவும், அதற்குப் பைத்தான் மேலுறை இடுவதாகவும் விளக்குகிறது. 'இம்போர்ட்' என்ற சொல்லை மாணவர் முன்பே அறிவார். 'மேத்' கூறை இறக்கினால் அதன் வர்க்கமூலச் செயற்கூறை அழைத்து, விடையை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளலாம். அதே பொருளை இங்கே எதிர்பார்க்கும் மாணவர் ஏமாற்றமடைவார். சி++ செயற்கூறு எதையும் அவரால் பைத்தானிலிருந்து பெயர் சொல்லி அழைக்க முடியாது. இங்கே நடப்பது இயக்குதல் மட்டுமே.

இடைமுகங்களின் பட்டியலில் மின்ஜிடபிள்யூ இடம்பெற்றிருப்பதும் இதே வகைக் குழப்பம். அது விண்டோஸில் ஜி++ முதலியவற்றைப் பயன்படுத்த உதவும் கருவித் தொகுப்பு. சிடைப்ஸ், ஸ்விக் ஆகியவை செய்யும் தரவுப் பரிமாற்றத்தை அது செய்வதில்லை. நிரல்பெயர்ப்பியையும் இடைமுகத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாணவர் மனத்தில் பதியாமல் போகிறது.

பட்டியல் இருப்பது எங்கே

பைத்தானில் 'அ = [34, 67, 29, 81, 33]' என்று எழுதினால், நினைவகத்தில் ஒரு பட்டியல் உருவாகிறது; 'அ' என்பது அதற்கு இட்ட பெயர். அடுத்து 'ஆ = அ' என்று எழுதினால் புதிய பட்டியல் உருவாவதில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன. 'ஆ' வழியாக ஓர் எண்ணை மாற்றினால் 'அ' வழியாகப் பார்ப்பவருக்கும் அது தெரியும். பட்டியலைப் பைத்தான் செயற்கூறுக்கு அனுப்பும்போதும் இதுவே நடக்கிறது. சி++ மொழியின் 'வெக்டர்' இதற்கு மாறானது. குறிப்புக்குறி இடாமல் அதைச் செயற்கூறுக்கு அனுப்பினால் முழு நகல் எடுக்கப்படும்.

உள்ளமைப்பிலும் இரண்டும் வேறு. சி++ அணியில் எண்கள் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும். வழக்கமாக ஒவ்வொரு முழு எண்ணுக்கும் 4 பைட்டுகள். பைத்தான் பட்டியலில் எண்கள் நேரடியாக இருப்பதில்லை. ஒவ்வோர் எண்ணும் தனிப் பொருள். 64-பிட் சிபைத்தானில் ஒரு சிறிய முழு எண்ணே 28 பைட்டுகள் எடுக்கும். பட்டியல் அந்தப் பொருள்களின் முகவரிகளை மட்டும் வைத்திருக்கிறது. ஆகவே பைத்தான் பட்டியலின் முகவரியை அப்படியே சி++ செயற்கூறிடம் கொடுத்து "இதோ உன் அணி" என்று சொல்ல முடியாது. இடையில் யாரோ ஒருவர் எண்களைப் பிரித்தெடுத்து வேறு வடிவில் அடுக்க வேண்டும். அப்படி அடுக்கும்போதே நகல் உருவாகிவிடுகிறது.

மூன்று வழிகள்

ஒரு தொகுப்பு மொழி எல்லையைக் கடக்கும்போது மூன்றில் ஒன்று நடக்கிறது. தருமபுரிக்குத் தெற்கே சேலம் செல்லும் சாலையில் உள்ள அதியமான்கோட்டையில் இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவருக்கு மூன்றையும் ஊர் வழக்கிலிருந்தே விளக்கலாம்.

முதலாவது நகல். பட்டாவின் ஜெராக்ஸ் பிரதியில் பேனாவால் பெயரைத் திருத்தினால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் எதுவும் மாறாது.

இரண்டாவது பொதுமை. ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒருவர் நீர் இறைத்தால் அடுத்தவர் வாளி இறக்கும்போது மட்டம் குறைந்திருக்கும். ஒரே நினைவகத்தை இரு மொழிகளும் பார்க்கின்றன.

மூன்றாவது கொடை. அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனியைக் கொடுத்த பிறகு அது அவனிடம் இல்லை. நினைவகத்தின் உரிமை ஒரு மொழியிலிருந்து மற்றதற்குக் கைமாறுகிறது. கொடுத்தவர் பிறகு அதைத் தொடக்கூடாது. பயன்பாடு முடிந்ததும் அதை விடுவிக்கும் பொறுப்பு பெற்றவருடையது.

பாடநூல் பெயர் குறிப்பிடும் கருவிகள் அனைத்தையும் புரிந்துகொள்ள இந்த மூன்று கேள்விகளே போதும். இந்தக் கருவி நகல் எடுக்கிறதா, பகிர்கிறதா, கைமாற்றுகிறதா? பெயர்களை மனப்பாடம் செய்த மாணவரிடம் இந்தக் கேள்விகள் இல்லை.

சத்தமில்லாத பிழை

மேலே கண்ட ஐந்து எண்களும் ஒரு தேர்வின் மதிப்பெண்கள் என்று கொள்வோம். தேர்ச்சிக்கு 35 தேவை. 33, 34 பெற்றவர்களுக்குக் கருணை மதிப்பெண் கொடுத்து 35 ஆக்கும் செயற்கூறு ஒன்றைச் சி++ மொழியில் எழுதுகிறோம். எதிர்பார்க்கும் விடை [35, 67, 29, 81, 35].

இதைச் சிடைப்ஸ் வழியாக அழைக்க, முதலில் ஐந்து முழு எண்கள் கொண்ட சி அணி ஒன்றை உருவாக்கிப் பட்டியலின் எண்களை அதில் நிரப்ப வேண்டும். சி++ செயற்கூறு அந்த அணியைச் சரியாகத் திருத்துகிறது. பின்னர் பைத்தானில் 'அ' என்று கேட்டால் வருவது [34, 67, 29, 81, 33]. திருத்தப்பட்ட எண்களை அணியிலிருந்து பட்டியலுக்கு எடுத்து வந்தால்தான் மாற்றம் தெரியும்.

பைபைண்ட்11 என்ற நூலகம் 2015-இல் வென்சல் யாக்கோப் தொடங்கியது. இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. சி++ செயற்கூறு 'வெக்டர்' ஒன்றைக் குறிப்பு மூலம் வாங்குவதாக எழுதியிருந்தாலும், நூலகத்தின் தானியங்கி மாற்றி பைத்தான் பட்டியலிலிருந்து புதிய வெக்டர் ஒன்றை நிரப்பி அதையே செயற்கூறிடம் கொடுக்கிறது. செயற்கூறு செய்யும் மாற்றம் அந்தத் தற்காலிக வெக்டரோடு மறைந்துவிடும். இதை அந்நூலகத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. வெக்டரை ஒளிபுகா வகையாக அறிவித்துப் பைத்தானுக்குத் தனி வகையாக வெளிப்படுத்துவது அதற்கான தீர்வு.

பதினொன்றாம் வகுப்பில் குறிப்பு மூலம் அழைத்தலை நன்றாகக் கற்ற மாணவரே இங்கே அதிகம் ஏமாறுவார். சி++ குறியீட்டில் குறிப்புக்குறி இருக்கிறது. அது சரியாகவும் இருக்கிறது. நகல் எடுக்கப்பட்டது அதற்கு முன்னால், இரு மொழிகளின் எல்லையில். பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. நிரல் இயல்பாக முடிகிறது. பட்டியலில் இரண்டு மாணவர்கள் தோல்வியுற்றவர்களாகவே இருக்கிறார்கள். நிரல் உடைந்து நின்றிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

பகிர்வதிலும் சிக்கல் உண்டு

நகல்தான் சிக்கல் என்றால் எப்போதும் பகிர்ந்துவிடலாமே என்று தோன்றும். பைத்தானின் 'அர்ரே' கூறும் நம்பை நூலகமும் எண்களைச் சி மொழி அடுக்குவது போலவே அடுக்குகின்றன. 'பஃபர் நெறிமுறை' எனப்படும் ஏற்பாடு, அதாவது 2006-இல் எழுதப்பட்ட பெப் 3118, அந்த நினைவகத்தை நகலெடுக்காமல் பிறர் பார்க்க வழி செய்கிறது. சிடைப்ஸ் அணியை இவ்வகையில் 'அர்ரே' மீது பொருத்தினால் சி++ செய்யும் மாற்றம் பைத்தானில் உடனே தெரியும். மதிப்பெண் எடுத்துக்காட்டில் 35 என்ற எண்கள் எதிர்பார்த்தபடி வந்துவிடும்.

இப்போது வேறு கேள்வி எழுகிறது. சி++ பக்கம் அந்த நினைவகத்தின் முகவரியை வைத்திருக்கும்போது பைத்தான் ஆறாவது எண்ணைச் சேர்த்தால் என்ன ஆகும்? இடம் போதாவிட்டால் முழு அணியும் வேறிடத்துக்குப் பெயர்க்கப்படும். பழைய முகவரி வெற்றிடத்தைக் காட்டும். பைத்தான் இதை அனுமதிப்பதில்லை. பொருத்தப்பட்ட சி அணி உயிரோடு இருக்கும் வரை, 'அர்ரே'யின் அளவை மாற்ற முயன்றால் பஃபர் பிழை எழுப்பி நிறுத்திவிடுகிறது. மதிப்பை மாற்றலாம், அளவை மாற்றக்கூடாது என்பதே அதன் விதி. சி++ வெக்டரில் அந்தக் காவல் இல்லை. புதிய உறுப்பைச் சேர்ப்பதால் வெக்டர் இடம் பெயர்ந்தால் பழைய சுட்டுகள் செல்லாதவை ஆகும். அவற்றைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை.

ஒரு மொழிக்குள்ளேயே இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். [33, 34, 67] என்ற பைத்தான் பட்டியலை 'ஃபார்' மடக்கில் சுற்றிக்கொண்டே 35-க்குக் குறைந்தவற்றை நீக்கினால் [34, 67] மிஞ்சும். 33 நீங்கியதும் 34 முதல் இடத்துக்கு நகர்கிறது. மடக்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. ஜாவாவின் 'அர்ரேலிஸ்ட்' இத்தகைய நிலையைப் பெரும்பாலும் கண்டுபிடித்து விதிவிலக்கு எழுப்பும். இரு மொழிகள் சேரும்போது எந்த மொழியின் காவல் பொருந்தும் என்பதே தெளிவில்லாமல் போகிறது.

இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. சிடைப்ஸின் வழக்கமான அழைப்பில், சி செயற்கூறு ஓடும்போது பைத்தான் தன் பொதுப் பூட்டை விடுவித்துவிடுகிறது. அந்த இடைவெளியில் பைத்தானின் இன்னொரு இழை அதே நினைவகத்தை மாற்ற முடியும். பகிர்ந்த பொருளை யார், எப்போது தொடலாம் என்ற ஒப்பந்தத்தை நிரலர்தான் செய்துகொள்ள வேண்டும்.

பிற மொழிகள் இதைக் கையாளும் விதம்

ஜாவாவிலிருந்து சி மொழியை அழைக்க உதவும் ஜேஎன்ஐ இந்த ஐயத்தை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஜாவா அணியின் உறுப்புகளைச் சி கேட்டால் கிடைப்பது மூலமாகவும் இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். எதுவென்று தெரிந்துகொள்ள ஒரு குறியீடு உண்டு. வேலை முடிந்ததும் அணியைத் திருப்பிக் கொடுக்கும் அழைப்பு கட்டாயம். மாற்றங்களை மூலத்தில் எழுதுவதா, கைவிடுவதா என்பதை அந்த அழைப்பில் நிரலரே சொல்கிறார். இது சற்றுச் சுமையான ஏற்பாடுதான். ஆனால் நகலா மூலமா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு யாரும் நிரல் எழுத முடியாது.

தமிழிலும் ஓர் அனுபவம் இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி பைத்தானில் எழுதப்பட்டது. எழில் நிரலிலிருந்து பைத்தானின் வசதிகள் பலவற்றை அழைக்கலாம். ஒரு மொழி இன்னொன்றின் மேல் ஏறி நிற்பதற்குத் தமிழ் மாணவர் எளிதில் திறந்து பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டு அது. தனிச் செயலாக்கமாக ஓடும் நிரலுக்கும், ஒரே செயலாக்கத்துக்குள் இருந்து ஒன்றையொன்று அழைக்கும் நிரல்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைப் பயன்படுத்தலாம்.

பாடத்தின் சார்பில்

பாடத்தை எழுதியவர்களின் தேர்வுக்கு நியாயங்கள் உண்டு. 'சிஸ்டம்' வழி முறைக்குப் பைத்தானும் ஜி++ நிரல்பெயர்ப்பியும் தவிர வேறெதுவும் நிறுவ வேண்டியதில்லை. இணைய வசதி குறைந்த பள்ளி ஆய்வகத்தில் இது பெரிய வசதி. சிடைப்ஸ் பைத்தான் 2.5 முதல் மொழியோடு சேர்ந்தே வந்தாலும், 64-பிட் பைத்தானும் 32-பிட் மின்ஜிடபிள்யூவும் உள்ள கணினியில் சி++ நூலகத்தை ஏற்றவே முடியாது. நாற்பது மாணவர்கள் முன்னிலையில் அந்தப் பிழையோடு போராடும் நிலை எந்த ஆசிரியருக்கும் வரக்கூடாது. மேலும் கட்டளை வரி உள்ளீடு, கூறுகளை இறக்குதல், முதன்மைச் செயற்கூறு அமைத்தல் ஆகியவற்றைப் பாடம் ஒழுங்காகக் கற்பிக்கிறது.

ஆனால் இந்த நியாயங்கள் செய்முறையின் எளிமைக்குத்தான் பொருந்தும். செய்முறையின் எல்லையைச் சொல்லாமல் விட்டதற்கு அவை காரணமாகா. "இங்கே இரு நிரல்களும் தரவைப் பகிரவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதக் கூடுதல் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

என்ன சேர்க்கலாம்

பாடத்தை மாற்றாமல் மூன்று சிறு சோதனைகளைச் சேர்த்தாலே போதும்.

முதல் சோதனை, இப்போதுள்ள நிரலிலேயே செய்யத்தக்கது. 'சிஸ்டம்' திருப்பித் தரும் மதிப்பை ஒரு மாறியில் வைத்து அச்சிட வேண்டும். சி++ நிரல் ஓர் அணி முழுவதையும் அச்சிட்டாலும் மாறியில் ஓர் எண் மட்டும் இருப்பதை மாணவர் கண்ணால் காண்பார்.

இரண்டாவது, முழுக்கப் பைத்தானில் செய்யத்தக்கது. ஒரு பட்டியலுக்கு இரண்டு பெயர் இட்டும், அதன் நகலை எடுத்தும், இரண்டிலும் ஓர் எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். நகலும் பொதுமையும் இதிலேயே விளங்கிவிடும்.

மூன்றாவது, வசதியுள்ள ஆய்வகங்களுக்கு உரியது. கருணை மதிப்பெண் செயற்கூறைச் சி இணைப்பு முறையில் பகிர்நூலகமாக்கி, சிடைப்ஸ் வழியாக முதலில் பட்டியலின் நகலோடும், அடுத்து 'அர்ரே'யின் பொது நினைவகத்தோடும் அழைத்து, இரண்டு விடைகளையும் ஒப்பிட வேண்டும்.

வினாக்களும் சற்று மாறலாம். எந்தக் கூறின் பெயர் என்ன என்று கேட்பதோடு, "இந்த அழைப்புக்குப் பின் பட்டியலில் என்ன இருக்கும்? ஏன்?" என்று ஒரு வினா வைத்தால் மாணவர் நினைவகத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குவார்.

மதிப்பீடு

14-ஆம் பாடம் மாணவரை இரண்டு மொழிகள் சந்திக்கும் வாசலுக்கு அழைத்துப் போகிறது. உள்ளே நுழைவதற்கான கருவிகளின் பெயர்களையும் சொல்கிறது. வாசலைத் தாண்டும் தரவுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. இன்று தரவு அறிவியலிலும் இயந்திரக் கற்றலிலும் பைத்தானில் எழுதப்படும் நிரலின் கடினமான கணக்குகளைப் பெரும்பாலும் சி, சி++ நூலகங்களே செய்கின்றன. அத்துறைகளுக்குப் போகும் மாணவர் இந்த எல்லையை நாள்தோறும் கடப்பார். ஆங்கில வழிப் பயிற்சியும் வழிகாட்டியும் கிடைப்பவர் அதை வேறெங்காவது கற்றுக்கொள்வார். அதியமான்கோட்டையிலிருந்து தமிழ் வழியில் படித்து வருபவருக்குப் பல வேளைகளில் இந்தப் பாடநூலே முதல் வழிகாட்டி. நகல், பொதுமை, கொடை என்ற மூன்றையும் விளக்க இரண்டு பக்கங்கள் போதும். அடுத்த பதிப்பில் அவற்றைச் சேர்ப்பது பயனுள்ளது. அதுவரை ஆசிரியர்கள் வகுப்பிலேயே அவற்றைச் செய்து காட்டலாம்.